அம்மாவின் செப்புக்குடமும் தொழிற்சாலையின் செப்புத்தூளும்



சென்ற இதழில் வீட்டு வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கதைத்தவர்களில் ஓர் அக்கா வாடகையைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, எடிசன் ஓக் றீ றோட்டுக் கடையில ஒரு செப்புப் போத்தல் வாங்கினனான். கிருமி எல்லாம் சாகும் எண்டு சொன்னவை. சின்னவளுக்குப் பாலும் அதிலயே காய்ச்சிக் குடுக்கலாமோ?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறோம் அக்கா என்றோம். இந்த மாதப் பக்கம் அந்தப் பதில்தான். கூடவே எங்கள் வேலையிடத்தில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே செம்புதான்.

நாங்கள் படித்தவர்கள் அல்ல. சாதாரணதரத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது; பிறகு யுத்தம், பிறகு ஓட்டம். தெரிந்ததைத் தெரிந்த தமிழில் சொல்கிறோம். பிழை இருந்தால் எழுதுங்கள்.

முதலில் ஊர்க்கதை. எங்கள் வீடுகளில் செப்புக்குடம் என்றால் அது அம்மம்மாவின் சீதனம். இரவில் தண்ணீர் நிறைத்து மூடி வைத்து, விடியக் குடிப்பார்கள். இது வெறும் நம்பிக்கையா என்று பெங்களூரில் ஆயுர்வேதமும் மருத்துவமும் சேர்ந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதித்து 2012இல் வெளியிட்டார்கள். வாந்திபேதி, வயிற்றளைச்சல், நெருப்புக்காய்ச்சல் உண்டாக்கும் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து, செப்புப் பானையில் சாதாரண அறை வெப்பத்தில் 16 மணித்தியாலம் வைத்தார்கள். பிறகு பார்த்தபோது அந்தக் கிருமிகள் ஒன்றையும் உயிரோடு வளர்த்தெடுக்க முடியவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த செம்பு லீற்றருக்கு ஏறத்தாழ 0.18 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு விட்டிருக்கும் எல்லை 2 மில்லிகிராம். ஆகவே அம்மம்மா பிழை விடவில்லை.

செம்பு எப்படிக் கிருமியைக் கொல்கிறது? செம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மின்னேற்றம் கொண்ட அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகின்றன. அவை கிருமியின் மேற்தோலைப் பழுதாக்கி உள்ளே போய், உள்ளிருக்கும் புரதங்களையும் மரபுப் பொருளையும் குலைத்துவிடுகின்றன. தோட்டம் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. திராட்சைக்கு அடிக்கிற போடோக் கலவை துருசும் சுண்ணாம்பும்தானே. துருசு என்பது செம்பின் உப்பு. பிரான்சில் மில்லார்டே என்ற பேராசிரியர் 1885இல் திராட்சை நோய்க்கு அதை அறிமுகம் செய்தார்.

அமெரிக்காவிலும் இதை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பான ஈ.பி.ஏ. 2008இல் செப்புக் கலவை உலோகங்களைக் கிருமிநாசினியாகப் பதிவு செய்தது. ஒழுங்காகத் துடைத்து வைத்திருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் 99.9 வீதமான பற்றீரியாக்களைக் கொல்லும் என்று சொல்ல அனுமதித்தது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு நியூயோர்க்கின் ஸ்லோன் கெற்றரிங் ஆஸ்பத்திரியிலும் தென் கரோலினாவின் இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் நடந்தது. கடும் நோயாளர் அறைகளில் கட்டில் கம்பி போன்ற பொருட்களைச் செம்பில் செய்து வைத்தபோது, ஆஸ்பத்திரியிலே தொற்றும் நோய்கள் 58 வீதம் குறைவாக இருந்தன. கொரோனாக் கிருமி செம்பின் மேல் நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு உயிரோடு கிடைக்கவில்லை. பிளாஸ்ரிக்கிலும் எவர்சில்வரிலும் இரண்டு மூன்று நாள் கிடந்தது. இது 2020இல் கண்டது.

இவ்வளவும் நல்ல பக்கம். இனி அக்கா கேட்ட பால் விஷயம். இதைக் கவனமாக வாசியுங்கள்.

இந்தியாவில் ஒரு காலம் கைக்குழந்தைகளுக்கு ஒரு கொடிய ஈரல் வருத்தம் வந்தது. ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகள். வயிறு வீங்கும், கண் மஞ்சளாகும், ஈரல் கல்லுப்போல இறுகும். பெரும்பாலான பிள்ளைகள் தப்பவில்லை. ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். செய்வினை என்றார்கள், தோஷம் என்றார்கள். பூனே நகரத்து வைத்தியர்கள் பாவேயும் பண்டிற்றும் இங்கிலாந்து வைத்தியர் ரனரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். இறந்த பிள்ளைகளின் ஈரலில் செம்பு அளவுக்கு மிஞ்சி இருந்தது. அது எங்கிருந்து வந்தது? வீட்டுக் குசினியிலிருந்து. பசுப்பாலையோ எருமைப்பாலையோ பித்தளை, செப்புப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து ஊட்டியிருந்தார்கள். 1983இல் இதை எழுதினார்கள். பாத்திரம் எவர்சில்வருக்கு மாற மாற, அந்த வருத்தம் இன்று காண்பதற்கே அரிதாகிவிட்டது.

இது எங்கள் சனத்துக்கு மட்டும் வந்த வினையல்ல. ஒஸ்ரியா நாட்டின் ரிரோல் மலைப்பகுதியில் 1900க்கும் 1974க்கும் இடையில் 138 குழந்தைகள் இதே மாதிரி இறந்ததை 1996இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. அங்கேயும் ஈயம் பூசாத செப்புச் சட்டியில் பால் காய்ச்சியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வருவதில்லை; பிறவியிலேயே உடலில் ஒரு பலவீனமும் சேர வேண்டும் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்கு அந்தப் பலவீனம் இருக்கிறது என்று எங்கள் கண்ணுக்குத் தெரியுமா?

தண்ணீர் சரி, பால் ஏன் கூடாது? பாலில் உள்ள புரதம் செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சக் காய்ச்ச இன்னும் கூடும். பிள்ளையின் ஈரலோ மேலதிகச் செம்பைப் பித்தத்தோடு வெளியே தள்ளப் பழகாத பிஞ்சு ஈரல். ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசுவித்தார்கள் என்பது இப்போதுதான் எங்களுக்கு விளங்குகிறது. வருடத்துக்கொரு தடவை ஈயம் பூசுகிறவர் படலையடியில் வந்து துருத்தி ஊதுவார். அவர் பூசியது பளபளப்புக்கு மட்டும் அல்ல.

எங்கள் வீட்டிலும் இந்தக் கதை ஓடியது. ஊரிலிருந்து மாமி ஒரு சின்னச் செப்புச் சட்டி கொடுத்துவிட்டிருந்தார், பேரப்பிள்ளைக்குப் பால் காய்ச்ச. பாவிக்கவில்லை என்று சொன்னால் மனம் நோவார். தொலைபேசியில் பூனேக் கதையைச் சொன்னோம். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப சாமிக்கு முன்னால பூ வையுங்கோ" என்றார். இப்போது அதில் பூ மிதக்கிறது.

அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் சுருக்கமாக:

ஒன்று, கைக்குழந்தையின் பாலோ, பால்மா கரைக்கும் தண்ணீரோ செப்பு, பித்தளைப் பாத்திரத்தில் வேண்டாம்.

இரண்டு, செப்புப் போத்தலில் வெறும் தண்ணீர் மட்டும். தேசிக்காய்த் தண்ணீர், மோர், ரசம், பழச்சாறு ஊற்றக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைக்கும். இந்த நாட்டு உணவுச் சட்டக் கோவையும் புளிப்பான பண்டம் செம்பில் படக் கூடாது என்றே சொல்கிறது. 2017இல் அயோவா மாநிலத்தில், தேசிக்காய் சேர்ந்த ஒரு குடிவகையை உள்ளே பூச்சில்லாத செப்புக் குவளையில் கொடுக்க வேண்டாம் என்று மதுபானக் கடைகளுக்கு அறிவித்தல் கொடுத்தார்கள்.

மூன்று, பச்சைக் களிம்பு பிடித்தால் புளி போட்டு நன்றாகத் தேய்த்து, பல தடவை அலசிய பிறகே பாவியுங்கள். தேய்த்த தண்ணீரை வாயில் வைக்க வேண்டாம்.

நான்கு, வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய செம்பு 0.9 மில்லிகிராம்தான். சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு உச்ச எல்லை 1 மில்லிகிராம். வில்சன் நோய் என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்குச் செம்பு உடலை விட்டு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தங்கும். குடும்பத்தில் அது இருந்தால் செப்புப் பாத்திரமே வேண்டாம்.

ஐந்து, இங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாயும் செம்புதான். இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் கொஞ்சம் ஓட விடுங்கள். சமையலுக்கும் பால்மாவுக்கும் சுடுதண்ணீர்க் குழாயில் பிடிக்காமல் குளிர்தண்ணீரைப் பிடித்துச் சூடாக்குங்கள். தொட்டியில் நீலப்பச்சைக் கறை விழுந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிப்பியுங்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி லீற்றருக்கு 1.3 மில்லிகிராம் செம்புக்கு மேல் கண்டால் தண்ணீர்ப் பகுதி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஆறு, சில பித்தளை, அலுமினியப் பாத்திரங்களிலிருந்து ஈய நஞ்சு உணவில் இறங்கலாம் என்று 2025 ஓகஸ்ற்றில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாத்திரத்தில் சமைக்காதீர்கள்.

இனித் தொழிற்சாலைக் கதை.

நாங்கள் வேலை செய்வது பிளாஸ்ரிக் பொருள் செய்கிற ஓர் இடத்தில். பெயர் வேண்டாம். சில காலத்துக்கு முன் ஒரு புதிய கட்டளை வந்தது: கிருமி அண்டாத பிளாஸ்ரிக். அதற்குச் சிவந்த தவிட்டு நிறத்தில் ஒரு தூள், சின்னப் பைகளில். பையில் செம்பு என்றும் நானோ என்றும் எழுதியிருந்தது. நாங்கள்தான் பையை வெட்டி, பிளாஸ்ரிக் மணியோடு கலக்கும் தொட்டியில் கொட்டுவோம். கொட்டும்போது புகைபோல எழும்பும். முகத்துக்கு ஒரு மெல்லிய கடதாசி மூடி.

இரண்டாம் நாளே வாயெல்லாம் காசு சப்பினதுபோல ஓர் இனிப்பு. மூன்றாம் நாள் இரவு எங்களில் இரண்டு பேருக்கு மலேரியாபோல நடுக்கமும் காய்ச்சலும். விடிய ஒன்றுமில்லை. தடிமன் என்று நினைத்தோம். அடுத்த கிழமையும் அதே கிழமைக் கணக்கில் வந்தது. சுப்பவைசரிடம் கேட்டோம். சிரித்துவிட்டு, "செம்பு உங்கட நாட்டுச் சாமான்தானே, வீட்டில் அதில்தானே தண்ணி குடிக்கிறீங்கள்" என்ற மாதிரிச் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், நாங்களும் அதை நம்பினோம். அம்மாவின் குடம் எங்களுக்குக் கெடுதல் செய்யுமா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குடம் வேறு, தூள் வேறு.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். நூறு நனோமீற்றருக்கு உட்பட்ட துகளைத்தான் நானோத் துகள் என்கிறார்கள். ஒரு பனங்கட்டியை முழுசாகத் தேநீரில் போட்டுப் பாருங்கள், கரைய நேரமெடுக்கும். அதையே இடித்துத் தூளாக்கிப் போட்டால் உடனே கரையும். எடை ஒன்றுதான், தண்ணீரில் படுகிற மேற்பரப்புத்தான் கூடியிருக்கிறது. செம்பும் அப்படியே. நுணுக்க நுணுக்க அணுக்கள் வேகமாகக் கழன்று வரும், கிருமி வேகமாகச் சாகும். கம்பனிகள் நானோவைத் தேடுவது அதனால்தான். ஆனால் எங்கள் உடம்பும் அதே மாதிரி உயிர்க்கலங்களால் ஆனதுதானே.

2006இல் சீன ஆய்வாளர்கள் எலிகளுக்குச் செம்பு கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணப் பருந்தூளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால்தான் அரைவாசி எலிகள் சாகும் என்ற நிலை. நானோத் தூளில் அது 413 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டது. சிறுநீரகமும் ஈரலும் மண்ணீரலும் பழுதாகின. 2008இல் சுவீடன் கரோலின்ஸ்கா நிலையத்தில் பல உலோக ஒட்சைட்டு நானோத் துகள்களை மனித நுரையீரல் கலங்களில் போட்டுப் பார்த்தபோது, செப்பு ஒட்சைட்டே மிகக் கூடிய சேதம் செய்தது. தட்டில் வளர்த்த கலமும் எலியும் மனிதர் அல்ல, உண்மை. ஆனால் அதைச் சுவாசித்துப் பார்க்கிற பரிசோதனைப் பிராணியாக நாங்கள் ஏன் இருக்க வேண்டும்?

எங்களுக்கு வந்த காய்ச்சலுக்கு உலோகப்புகைக் காய்ச்சல் என்று பெயர் இருக்கிறது. துத்தநாகம், செம்பு போன்றவற்றின் புகையையோ மிக நுண்ணிய தூளையோ இழுத்தால் சில மணித்தியாலத்தில் வந்து ஒரு நாளில் போய்விடும். போய்விடுவதால்தான் ஒருவரும் கவனிப்பதில்லை.

எங்களோடு வேலை செய்யும் ஒரு மெக்சிக்கோக்காரர்தான் வழி காட்டினார். நியூ ஜேர்சியில் 1983இல் தொழிலாளரின் அறியும் உரிமைக்கு ஒரு சட்டம் வந்தது. மாநில சுகாதாரத் திணைக்களம் ஒவ்வொரு இரசாயனத்துக்கும் ஒரு விளக்கத்தாள் வைத்திருக்கிறது, செம்புக்கும் உண்டு, காசில்லை. அவர் ஸ்பானிய மொழியில் வாசித்துவிட்டு எங்களுக்குச் சைகையில் சொன்னார். நாடு முழுவதற்குமான ஓஷா விதிப்படி, பாவிக்கிற பொருளின் பாதுகாப்புத் தாளை வேலை நேரத்தில் கேட்டவுடன் காட்ட வேண்டும், எங்களுக்கு விளங்கும் மொழியில் பயிற்சி தர வேண்டும். காற்றில் செப்புத் தூசி ஒரு கன மீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கும், செப்புப் புகை 0.1 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. இந்த எல்லை எடையைத்தான் பார்க்கிறது, துகளின் பருமனைப் பார்ப்பதில்லை. ஆகவே எல்லைக்குள் நிற்கிறது என்று சொன்னாலும் நானோத் தூளுக்கு அது போதும் என்று எடுக்க முடியாது.

கேட்கப் பயமாக இருந்தது. மறைத்து என்ன? எங்களில் சிலருக்கு அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வேலை அட்டைதான் உயிர். வேலை போனால் வாடகை இல்லை, ஊருக்கு அனுப்பக் காசில்லை. இரண்டு நாள் யோசித்தோம். பிறகு நான்கு பேராகக் கையெழுத்து வைத்து, ஒரு கடதாசியில் பணிவாக எழுதிக் கொடுத்தோம்: இந்தத் தூளின் பாதுகாப்புத் தாள் வேண்டும், தூசியை இழுக்கும் கருவி வேண்டும், சரியான முகக்கவசம் வேண்டும். ஒரு பிரதியைத் திகதி போட்டு வீட்டில் வைத்துக்கொண்டோம்.

தாள் மூன்றாம் நாள் வந்தது. துகளின் பருமன் அதில் எழுதப்படவே இல்லை. அதையும் கேட்டோம். ஏறக்குறைய ஆறு கிழமையில் தொட்டிக்கு மேல் இழுவைக் கூண்டு வந்தது, வடிகட்டி பூட்டிய இறப்பர் முகக்கவசமும் வந்தது. தூளைக் கூட்டுமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கிறோம். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. பிள்ளை ஓடி வந்து கட்டிப்பிடிக்கும் அல்லவா. எங்களில் ஒருவரை மட்டும் இரவு வேலைக்கு மாற்றினார்கள். தற்செயல் என்றார்கள். காய்ச்சல் பிறகு வரவில்லை.

கேட்டதற்காக வேலையால் நிறுத்தினாலோ தண்டித்தாலோ 30 நாளுக்குள் ஓஷாவுக்கு முறையிட வேண்டும். பிந்தினால் பயனில்லை. இந்த நாட்டில் உங்கள் குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. இலக்கம் 1-800-321-6742. நஞ்சு ஏதும் உட்கொண்டால் கேட்க 1-800-222-1222. இரண்டிலும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். "ரமில்" என்று சொல்லுங்கள்.

மரவேலை செய்யும் சகோதரங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசனிக் ஊட்டிய பலகை வீட்டுப் பாவனைக்கு வருவது 2003 முடிவோடு நின்றுவிட்டது. 2006 அளவிலிருந்து செம்பை மிக நுண்ணியதாக அரைத்து ஊட்டிய பலகை வருகிறது. அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள். மிச்சத் துண்டுகளை இறைச்சி சுடும் அடுப்பில் எரிக்காதீர்கள்.

கடைசியாக விளம்பரங்கள். கிருமி கொல்லும் சட்டி, காலுறை, தலையணை என்று கடையெல்லாம் நிறைந்திருக்கிறது. புதிதாக வந்த எங்களைப் போன்றவர்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்றால் கைக்காசை யோசிக்காமல் கொடுத்துவிடுவோம். 2014இல் எங்கள் நியூ ஜேர்சியிலேயே, எங்கிள்வுட்டில் இருந்த ஒரு கம்பனி, நானோ வெள்ளி சேர்த்த சாப்பாட்டுப் பெட்டிகளைக் கிருமியைத் தடுக்கும் என்று சொல்லி விற்றது. பதிவு செய்யாமலும் பாதுகாப்பைக் காட்டாமலும் அப்படி விற்க முடியாது என்று ஈ.பி.ஏ. நிறுத்தியது, அமேசன், வால்மார்ட் போன்ற பெரிய கடைகளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் போனது. அதற்கு முன் 2008இல், நானோ வெள்ளி பூசிய கணினி விசைப்பலகைக்காக ஒரு கலிபோர்னியாக் கம்பனிக்கு ஈ.பி.ஏ.யின் சான் பிரான்சிஸ்கோ அலுவலகம் 208,000 டொலர் தண்டம் விதித்தது. செப்பு நூல் சேர்ந்த உடுப்பு மூட்டுநோவைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்த ரொமி கொப்பர் நிறுவனம் 2015இல் வர்த்தக ஆணைக்குழுவுடன் சமரசத்துக்கு வந்து 13 லட்சத்து 50 ஆயிரம் டொலர் கட்டச் சம்மதித்தது.

ஆகவே கிருமியைக் கொன்று நோயைத் தடுக்கும் என்று ஒரு சாமான் சொன்னால், பெட்டியைத் திருப்பி ஈ.பி.ஏ. பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காசைப் பையில் வையுங்கள். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் இன்னும் மலிவுதான்.

அம்மாவின் குடத்தை எறியச் சொல்லவில்லை. அது இருக்கட்டும், தண்ணீர் வையுங்கள், குடியுங்கள். அதன் பெயரைச் சொல்லி ஒரு பையை வெட்டிக் கொட்டச் சொன்னால் மட்டும், முதலில் தாளைக் கேளுங்கள்.

உங்கள் வேலையிடத்தில் இப்படி ஏதும் இருந்தால் பெயர் போடாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில், சம்பளத் துண்டில் வெட்டும் காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். அதுவரை வணக்கம்.